நெகிழ்ந்த முடிச்சு

எதிர்பொருளின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இரு கை விரித்து நிற்கும் ஒரு புரதம். கைகளின் நுனியில் மட்டும் வேறு நிறம் பூசி, கிருமி ஒட்டுமிடம் என்று அம்புக்குறி போட்டுப் பாடப்புத்தகம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். நாம் போக வேண்டாம். அந்த நுனியிலேயே கொஞ்சம் தங்குவோம். ஒவ்வொரு கை நுனியிலும் ஆறு சின்னஞ்சிறு வளைவுகள். கை ஒவ்வொன்றும் இரண்டு புரதச் சங்கிலிகளால் ஆனது: கனமான சங்கிலியிலிருந்து மூன்று வளைவு, லேசான சங்கிலியிலிருந்து மூன்று. ஆறுக்கும் நட்டநடுவே, கிருமியின் மேனியை நேராகத் தொடும் இடத்தில் இருப்பது கனமான சங்கிலியின் மூன்றாம் வளைவு. மற்ற வளைவுகளைவிட நீளத்திலும் நெளிவிலும் ஆளுக்கு ஆள், செல்லுக்குச் செல் மாறுவது அதுதான். அதை எழுதிய எழுத்துகளில் சில அப்பா தந்தவை அல்ல. அம்மா தந்தவையும் அல்ல. முன்னோர் எவருடைய டிஎன்ஏவிலும் அவை அந்த இடத்தில் இருந்ததில்லை. எலும்பு மஜ்ஜைக்குள் பிறந்த, எதிர்பொருளைச் செய்யும் ஒரு பி செல், தன் இளமையில், பார்த்து எழுத மூலப்படி எதுவும் இல்லாமல் தானே சேர்த்துக்கொண்டவை.

உடம்பிலுள்ள மற்ற செல்களில் பெரும்பாலானவை பெற்றோர் தந்த டிஎன்ஏவைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கின்றன. ஓர் எழுத்து பிசகினாலும் பழுது பார்க்க ஆட்கள் ஓடி வருவார்கள். இந்தக் குலமோ தன் சொத்தை வெட்டுகிறது, நடுப்பகுதியை வீசி எறிகிறது, மிச்சத்தை ஒட்டுகிறது. ஒட்டும்போது வேண்டுமென்றே கொஞ்சம் நெகிழ்வாக ஒட்டுகிறது. அந்த நெகிழ்வு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்கப் பார்க்கத்தான் இதன் அழகு பிடிபடும்.

மனிதனின் 14ஆம் குரோமோசோமில், ஒரு கோடியில், கனமான சங்கிலிக்கான துண்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. வி எனும் துண்டுகள் வேலை செய்யும் நிலையில் ஏறக்குறைய 40. டி எனும் குறுந்துண்டுகள் 23. ஜே துண்டுகள் 6. ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் பொறுக்கி, மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு மரபணு. லேசான சங்கிலிக்கு வியும் ஜேயும் மட்டும் போதும். அவை 2ஆம், 22ஆம் குரோமோசோம்களில் தனித் தனியாக இருக்கின்றன. பெருக்கிப் பார்த்தால் ஜோடிகள் பதினேழு லட்சத்தைத் தாண்டும். பலர் இந்தக் கணக்கைச் சொல்லி வியந்து நிறுத்திவிடுகிறார்கள். எனக்கென்னவோ இந்தப் பெருக்கல்தான் இதில் ஆகக் குறைந்த அழகு என்று படுகிறது. எண்ணிக்கை பெரிதாக இருப்பதில் என்ன நயம்?

நயம் வேண்டுமானால், துண்டுகள் இடம் மாறுகின்றன என்று கண்டுபிடித்த விதத்தைப் பாருங்கள். 1965இல் வில்லியம் டிரையரும் கிளாட் பென்னட்டும் ஒரு புரதச் சங்கிலிக்கு இரண்டு மரபணுக்கள், கிருமியைத் தொடும் மாறும் பகுதிக்கு ஒன்றும் எஞ்சிய மாறாப் பகுதிக்கு ஒன்றும், இருக்கலாம் என்று ஊகித்தார்கள். அன்று அது துணிச்சலான பேச்சு. பதினோரு ஆண்டு கழித்து, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சுசுமு தோனெகாவாவும் நொபுமிச்சி ஹொசுமியும் அதைக் கண்ணால் காணும்படி செய்தார்கள். எலிக் கருவின் டிஎன்ஏ ஒரு பக்கம். எதிர்பொருளைச் சுரந்து தள்ளும் எலிப் புற்றுக்கட்டியின் டிஎன்ஏ மறுபக்கம். இரண்டையும் ஒரே நொதியால் வெட்டி, கூழ்மப் பாளத்தில் மின்சாரம் விட்டு அளவுவாரியாகப் பிரித்தார்கள். பாளத்தைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றிலும் எதிர்பொருள் மரபணு இருக்கிறதா என்று கதிரியக்கம் ஏற்றிய ஆர்என்ஏவைக் கொண்டு தேடினார்கள்.

இங்கே ஒரு சிக்கல். மாறும் பகுதியை மட்டும் தனியே தேடித் தரும் ஆர்என்ஏ கையில் இல்லை. இருந்தது முழு ஆர்என்ஏவும், மாறாப் பகுதியைக் கொண்ட அதன் பின்பாதியும். அவர்கள் கழித்தல் கணக்குப் போட்டார்கள். முழுது ஒட்டி, பின்பாதி ஒட்டாத இடம் எதுவோ, அதுவே மாறும் பகுதி இருக்கும் இடம். கருவின் டிஎன்ஏவில் இரண்டும் வெவ்வேறு அளவுத் துண்டுகளில் ஒதுங்கி நின்றன. கட்டியின் டிஎன்ஏவில் இரண்டும் ஒரே துண்டில் கூடி நின்றன. கருவில் பிரிந்திருந்தது, வளர்ந்த செல்லில் சேர்ந்துவிட்டது. 1976இல் வந்த கட்டுரை அது. 1987இல் மருத்துவ நோபல் பரிசு தோனெகாவாவுக்கு, பங்காளி யாருமின்றி. ஒரு கழித்தல் கணக்கில் இவ்வளவு வடிவு இருக்க முடியுமா என்று இன்றும் தோன்றும்.

சரி, துண்டுகள் ஒன்றையொன்று எப்படி இனம் காண்கின்றன? ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு குறி இருக்கிறது. முதலில் ஏழு எழுத்து. பிறகு ஓர் இடைவெளி. பிறகு ஒன்பது எழுத்து. அந்த ஏழெழுத்து, நடு எழுத்தை விட்டுவிட்டால், மாலைமாற்றுப் போல அமைந்தது. எதிர் இழையில் திரும்பி வந்து வாசித்தாலும் அதே. ஆனால் என் கண் போவது ஏழின் மேலும் இல்லை, ஒன்பதின் மேலும் இல்லை. இடையில் கிடக்கும் வெற்றிடத்தின் மேல். அதில் என்ன எழுத்து இருக்கிறது என்பதைப் பற்றி அவ்வளவாகக் கவலையில்லை. எத்தனை எழுத்து என்பதுதான் முக்கியம். ஒன்று 12, அல்லது 23. டிஎன்ஏ சுருள் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய பத்தரை எழுத்து வேண்டும். ஆக 12 என்பது ஒரு சுற்று, 23 என்பது இரண்டு சுற்று. இரண்டு கணக்கிலும் ஏழும் ஒன்பதும் சுருளின் ஒரே முகத்தில் வந்து அமர்கின்றன.

விதி ஒன்றே ஒன்று. 12 வைத்த துண்டு 23 வைத்த துண்டோடு மட்டுமே சேரும். ரவிக்கையின் கொக்கி வளையத்தில்தான் மாட்டும். கொக்கியோடு கொக்கி மாட்டாது. இப்போது கனமான சங்கிலியின் வரிசையைத் திரும்பப் பாருங்கள். வியின் ஓரத்தில் 23. ஜேயின் ஓரத்திலும் 23. நடுவிலுள்ள டிக்கு மட்டும் இரு புறமும் 12. வி நேராகப் போய் ஜேயோடு ஒட்டிக்கொள்ள வழியே இல்லை. டி இல்லாமல் காரியம் நடக்காது. காவலுக்கு ஒரு புரதம் நிற்கவில்லை. சட்டம் எழுதி எங்கும் ஒட்டி வைக்கவில்லை. இரண்டு எண்களின் பொருத்தத்திலேயே முழு இலக்கணமும் அடங்கிவிட்டது.

வெட்டுகிறவை ராக் 1, ராக் 2 என்ற இரண்டு புரதங்கள். டேவிட் ஷாட்ஸ், மார்ஜோரி ஓட்டிங்கர், டேவிட் பால்டிமோர் ஆகியோர் 1989, 1990ஆம் ஆண்டுகளில் அவற்றின் மரபணுக்களைப் பிடித்தார்கள். இந்த இரண்டை மட்டும் கொண்டு போய், எதிர்பொருளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இணைப்புத்திசுச் செல் ஒன்றில் வைத்தால், அதுவும் துண்டுகளை வெட்டி ஒட்டத் தொடங்கியது. இரண்டு மரபணுக்களும் குரோமோசோமில் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் பூர்வீகம் இன்னும் சுவையானது. மக்காச்சோளத்தில் பார்பரா மெக்ளின்டாக் கண்டாரே, இடம் விட்டு இடம் தாவும் மரபணு, அந்தச் சாதியைச் சேர்ந்த ஒன்று, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதை உயிர் ஒன்றின் டிஎன்ஏவுக்குள் குடியேறியது. தாடையுள்ள முதுகெலும்பிகள் அனைத்தும், சுறா முதல் நாம் வரை, அதன் கத்தரியைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆம்ஃபியாக்சஸ் என்ற சின்னக் கடலுயிரில் அந்தத் தாவும் மரபணுவின் உறவு ஒன்று இன்னும் உயிரோடிருப்பதை 2016இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஊர் சுற்றித் திரிந்த ஒன்றை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட சாமர்த்தியம்!

அடுத்து வருவதைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்க வேண்டும். ராக் வெட்டியதும் நான்கு முனைகள் கிடைக்கின்றன. குறிகள் இருக்கும் முனைகள் இரண்டு; மரபணுத் துண்டுகள் இருக்கும் முனைகள் இரண்டு. குறி முனைகள் இரண்டும் ஒன்றோடொன்று பெரும்பாலும் ஓர் எழுத்துக்கூடச் சிந்தாமல் சிதறாமல் கச்சிதமாக இணைகின்றன. இணைந்து ஒரு வட்டமாகின்றன. அந்த வட்டத்தைச் செல் அப்படியே கைகழுவி விடுகிறது. அதனால் இனி ஒரு பயனும் இல்லை. உயிருக்கே வேண்டிய மரபணு முனைகளோ, கோணலும் மாணலுமாக, கடித்தும் சேர்த்தும், தளர்வாக இணைகின்றன. தூக்கிப் போடப் போவதில் அத்தனை நேர்த்தி! காக்கப் போவதில் இத்தனை அலட்சியம்! முதல் பார்வையில் பைத்தியக்காரத்தனம். ஆனால் அந்தத் தளர்ந்த இணைப்பு எந்த இடத்தில் விழுகிறது? நாம் தங்கி நின்றோமே, மூன்றாம் வளைவு, அதன் மேல். மற்ற எங்கும் இறுக்கம். கிருமியைத் தொடும் அந்த நடுப்புள்ளியில் மட்டும் நெகிழ்ச்சி. சுதந்திரத்தை அளந்து, இடம் பார்த்து வைத்திருக்கிறது.

கைவிட்ட வட்டத்துக்கும் ஒரு வாழ்வு கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பி செல்லின் உறவான டி செல்களும் (டி துண்டுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை) இதே கத்தரியால் தங்கள் மரபணுக்களை வெட்டி ஒட்டுபவை. அவற்றிலும் இப்படி வட்டங்கள் மிஞ்சும். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தில் அந்த வட்டங்களைத் தேடுகிறார்கள். இல்லையென்றால், அந்தக் குழந்தைக்கு டி செல்கள் உருவாகவில்லை என்று காய்ச்சல் ஒன்று வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைத் தொடங்கியது.

மரபணு முனைகளுக்குத் திரும்புவோம். ராக் வெட்டும்போது முதலில் ஓர் இழையைத்தான் அறுக்கிறது. அறுந்த நுனி வளைந்து போய் எதிர் இழையைத் தாக்கி, அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. இரண்டு இழைகளும் நுனியில் கூடி ஒரு கொண்டை ஊசி வளைவாகி விடுகின்றன. மூடிய இந்த ஊசியைத் திறக்க ஆர்ட்டெமிஸ் என்ற நொதி வருகிறது. அது சரியாக நுனியில் வெட்டினால் ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளி வெட்டினால், எதிர் இழையின் எழுத்துகள் இந்தப் பக்கம் விரிந்து விழுகின்றன. ‘ஜிஜி’ என்று முடிந்த முனை ‘ஜிஜிசிசி’ என்று நீள்கிறது. எதிர் இழையில் திருப்பி வாசியுங்கள்: அங்கும் ஜிஜிசிசி. ஒரு கை தவறிய வெட்டு, தன்னையறியாமல் ஒரு குட்டி மாலைமாற்றை எழுதிவிட்டுப் போகிறது.

அதன் மேல் வந்து உட்கார்கிறது டிடிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நொதி. டிஎன்ஏ எழுதும் மற்ற நொதிகள் எல்லாம் எதிர் இழையைப் பார்த்துப் பார்த்துப் படியெடுப்பவை. இது பார்ப்பதில்லை. முனை கிடைத்தால் எழுத்தைச் சேர்க்கும். ஜியிலும் சியிலும் கொஞ்சம் பிரியம் உண்டு என்பதைத் தவிர அதற்கு வேறு கொள்கை இல்லை. எவ்வளவு சேர்ப்பது என்ற கணக்கும் இல்லை. ஆரம்பத்தில் சொன்னேனே, பெற்றோர் தராத எழுத்துகள் என்று, அவை இந்தக் கையிலிருந்து விழுந்தவை. பதினேழு லட்சம் என்ற பெருக்கல் கணக்கு இங்கே வந்ததும் அர்த்தமிழந்து போகிறது.

இதற்குக் கொடுக்கும் விலையும் சிறிதல்ல. எழுத்துகள் மும்மூன்றாகத்தான் வாசிக்கப்படும். கூடியதும் குறைந்ததும் மூன்றின் மடங்காக அமையாவிட்டால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் உளறல். மூன்றில் இரண்டு முயற்சி இப்படிப் பாழாகிறது. ஒரு குரோமோசோமில் தோற்றால் மற்றொரு பெற்றோர் தந்த குரோமோசோமில் ஒரு வாய்ப்பு. அதிலும் தோற்றால் செல்லுக்கு முடிவு. வென்றால் மற்றது வாயடைக்கப்படுகிறது; ஒரு செல், ஒரே ஒரு எதிர்பொருள். லேசான சங்கிலி இன்னும் தயாராகாத நிலையில், புதிய கனமான சங்கிலியோடு ஒரு மாற்றுச் சங்கிலியை ஜோடி சேர்த்து ஒத்திகை பார்க்கிறது செல். பொருந்தினால்தான் மேற்கொண்டு வேலை. பிறகு நம் உடம்பையே கடிக்கப் பார்க்கும் எதிர்பொருளா என்ற சோதனை. அப்படியானால் லேசான சங்கிலியை மறுபடி மாற்றி எழுத ஒரு தருணம். இதையெல்லாம் தாண்டியவை இரத்தத்தில் இறங்குகின்றன.

எழுதி முடித்த வரியை மறுபடி திருத்தும் கலை இனிமேல். காலில் புண் வந்தால் அரையிடுக்கில் நெறி கட்டும் என்போமே, அங்கேதான் அந்தப் பட்டறை. நிணநீர் முடிச்சுக்குள் செல்கள் மும்முரமாகப் பெருகும் சிறு வட்டங்களை 1884இல் வால்தர் ஃபிளெமிங் கண்டு எழுதினார். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பாதி இருண்டது, ஒரு பாதி வெளுத்தது. கிருமியைச் சந்தித்துவிட்ட பி செல்கள் இருண்ட பாதியில் பெருகுகின்றன. பெருகும்போதே தங்கள் எதிர்பொருள் மரபணுவில் பிழை செய்துகொள்கின்றன. பிழை செய்யும் கருவி எயிட் என்ற நொதி. கியோட்டோவில் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1999இல் கண்டெடுத்தது. அது செய்வது மிகச் சிறிய காரியம்: சைட்டோசின் எழுத்திலிருந்து ஓர் அமினோ தொகுதியைக் கழற்றுகிறது. சைட்டோசின் யுராசிலாகிறது. யுராசில் ஆர்என்ஏவில் இருக்க வேண்டியது, டிஎன்ஏவில் அந்நியம். பழுது பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஆனால் வந்தவர்களும் கை நடுங்கும் ஆட்கள்! பிழைபட எழுதுவதற்குப் பேர் போன பாலிமரேஸ் ஈட்டா என்ற நொதியை அந்தப் பள்ளத்தை நிரப்ப அழைக்கிறார்கள். பக்கத்து எழுத்துகளும் மாறுகின்றன. ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற வீதத்தில், ஒவ்வொரு பிரிவிலும். உடம்பின் வழக்கமான பிழை வீதத்தைப் போல ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. அதுவும் மாறும் பகுதியில். மாறாப் பகுதியை அண்டுவதில்லை.

எயிட்டுக்குப் பிடித்த இடங்கள் உண்டு. ஏஜிசி என்ற எழுத்துத் தொடர் அவற்றில் ஒன்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டு செரின் என்ற அமினோ அமிலத்தைப் பாருங்கள். செரினை எழுத மரபுமொழியில் ஆறு வழிகள். நான்கு, தைமினில் தொடங்குபவை. இரண்டு, அடினைனில் தொடங்குபவை. புரதத்தைப் பொறுத்தவரை ஆறும் ஒன்றே. எதை எழுதினாலும் செரின்தான் வரும். ஆனால் எதிர்பொருள் மரபணுவில், கிருமியைத் தொடும் வளைவுகளில் செரின் வரும் இடங்களில் அடினைனில் தொடங்கும் ஏஜிசி போன்ற வழியே மிகுதியாக இருக்கிறது. மூலக்கூறைத் தாங்கி நிற்கும் சட்டகத்தில் செரின் வரும் இடங்களில் தைமின் வழியே மிகுதி. வளைவில் மாற்றத்தை வரவேற்கும் எழுத்து. சட்டகத்தில் மாற்றம் தட்டாத எழுத்து. ஏஜிசியில் ஓர் எழுத்து மாறி ஏஏசி ஆனால் செரின் போய் அஸ்பரஜின் வரும்; பிடியின் உருவே மாறும். கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டீனும் மைக்கேல் நியூபெர்கரும் சகாக்களோடு 1995இல் இதை எடுத்துக் காட்டினார்கள். இன்று ஒரே பொருள் தரும் இரண்டு எழுத்துக்கூட்டில், நாளை எது மாறத் தயாராக இருக்கும் என்று பார்த்துத் தேர்ந்தது போல இருக்கிறது. தேர்ந்தவர் யாரும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் கிருமிகளோடு பொருதிப் பிழைத்தவர்களின் மிச்சம் அது. தெரிந்தும், ஒரு பெருங்கவிஞனின் சொல்தேர்வைப் பார்த்த சுகம் வருகிறது. வந்தால் வரட்டும்.

மாறிய செல்கள் வெளுத்த பாதிக்கு வருகின்றன. அங்கே கிருமியின் துணுக்குகளை ஏந்தி நிற்கும் செல்களிடமிருந்து, தம் எதிர்பொருளால் எவ்வளவு பறிக்க முடிகிறதோ அவ்வளவு பறிக்க வேண்டும். இறுகப் பற்றத் தெரிந்தது அதிகம் பறிக்கும். டி செல்லின் ஆதரவைப் பெறும். மறுபடி இருட்டுக்குப் போய் இன்னொரு சுற்றுப் பிழை செய்யும். பிடி தளர்ந்தவை மடிகின்றன. தடுப்பூசிக்கு இரண்டாம் தவணை, மூன்றாம் தவணை என்று நாள் குறித்துத் தருகிறார்களே, அதன் பலனில் ஒரு பங்கு இந்தப் போக்குவரத்தில் இருக்கிறது. எச்ஐவியின் பல ரகங்களை ஒருசேர அடக்கும் விஆர்சி01 என்ற எதிர்பொருளில், கனமான சங்கிலியின் வி துண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எழுத்துகள் மாறியிருந்தன. எத்தனை முறை போய் வந்திருக்கும் அந்தக் குலம்!

இதே எயிட்தான் எதிர்பொருளின் வால் பகுதியை மாற்றும் வேலையையும் தொடங்கி வைக்கிறது. பிடிக்கும் கை அப்படியே இருக்கும், உடம்பு வேறாகும். முதலில் ஐந்தைந்தாகக் கூடித் திரியும் ஐஜிஎம்மாக இருந்தது, நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போகும் ஐஜிஜி ஆகலாம். சீம்பாலில் ஊறிப் பிள்ளையின் குடலைக் காக்கும் ஐஜிஏ ஆகலாம். கத்தி தவறிய இடங்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது: 14ஆம் குரோமோசோமின் இந்த இடம் அறுந்து 8ஆம் குரோமோசோமோடு தவறாக ஒட்டிக்கொண்டால் பர்கிட் லிம்போமா என்ற புற்று வருகிறது.

அப்படி ஓர் அறுந்த இடத்தில் அந்நியத் துண்டு வந்து விழுந்து, அதுவே வரமான கதை ஒன்று உண்டு. மலேரியா ஓயாத கிழக்கு ஆப்பிரிக்காவில் சிலருடைய எதிர்பொருள்களை அந்தோனியோ லான்சவெக்கியாவின் குழு ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. வி துண்டுக்கும் டி துண்டுக்கும் நடுவே, 19ஆம் குரோமோசோமிலிருந்து லேர்1 என்ற மரபணுவின் ஒரு பகுதி முழுசாக வந்து உட்கார்ந்திருந்தது. ஏறக்குறைய நூறு அமினோ அமில நீளம். லேர்1 நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் இருக்கும் ஓர் ஏற்பி. கொலாஜனைத் தொட்டால் செல்லை அமைதிப்படுத்தும். மலேரியாக் கிருமி குடியேறிய சிவப்பணுக்களின் மேல் ரிஃபின் என்ற புரதங்கள் முளைக்கின்றன; அவற்றில் சில இந்த லேர்1ஐத் தொட்டு நம் செல்களைத் தூங்க வைக்கப் பார்ப்பவை. கிருமி எதைத் தேடி வருகிறதோ, அதையே எதிர்பொருள் தன் கையில் ஏந்தி நிற்கிறது. அதோடு நிற்கவில்லை. வந்து விழுந்த துண்டையும் எயிட் விட்டு வைக்காமல் எழுத்து எழுத்தாகத் திருத்தியிருக்கிறது. அந்தத் திருத்தங்களுக்குப் பிறகு, உடம்பெங்கும் நிறைந்திருக்கும் கொலாஜனோடு அது ஒட்டுவதில்லை; ரிஃபினை இன்னும் இறுகப் பிடிக்கிறது.